சனிக்கிழமைக்கு ஒரு கல்லொட்டி

கல்லொட்டி மீன் செத்துப்போனதற்குக் காரணம் இரண்டு சொட்டு எண்ணெய். ஊற்றியவன் வேறு யாருமில்லை, ஒரு வருஷத்துக்கு மேலாக அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட சக்கரமேதான்.

சக்கரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் வாரமே கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவன் என்று சொல்வார்களே, அந்த ஜாதகம். அவன் உட்கார்ந்து தேநீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்ற பழமொழியை மகளுக்கு விளக்க அவன் மனைவிக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. அது முழு நியாயமும் இல்லை. வேலை அவனுக்கு இருக்கத்தான் செய்தது. எங்காவது ஒரு லிஃப்ட் நிற்கும், ஃபோன் அடிக்கும், ஓடுவான். சாப்பாட்டின் பாதியில் ஓடினான், சினிமாவின் பாதியில் ஓடினான், மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது ஓடினான். கடைசியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் அவள், "நீங்க ஓடுங்க, நாங்க கொஞ்சம் உட்கார்றோம்" என்று சொல்லிவிட்டு மகளோடு தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போடுவதற்கும் எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டுமே.

மகள் சனிக்கிழமைகளில் வருவாள். முதல் சில வாரம் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒருநாள் பாலத்துக்கு அடியில் ஓடும் ஆற்றுக்குப் போனார்கள். அங்கே கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மீனை மகள் தன் டிபன் டப்பாவால் அமுக்கிப் பிடித்துவிட்டாள். விரல் நீளம், மண் நிறம், தட்டைத் தலை, வாய் முகத்துக்கு அடியில். அந்த வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில்கூட நிற்கும் என்று பாலத்தில் தூண்டில் போட்டவர் சொன்னார். தலை வழுவழுவென்று இருந்ததால் மகள் அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தாள். மொட்டைக்காக வீட்டில் தொட்டி வந்தது, தொட்டிக்காக ஆற்றுக் கற்கள் வந்தன, நின்ற தண்ணீரில் அது வாயைப் பிளப்பதைப் பார்த்துவிட்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தண்ணீரை விரட்டும் பம்பும் வந்தது. சனிக்கிழமைகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வேலையில்லாமல் ஒரு நிமிஷம் இருக்கத் தெரியாதவர்களுக்குத்தான் புரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பம்பு கீச்சிட ஆரம்பித்தது. குழந்தை அழுதால் தாய்க்குக் கை பரபரப்பதுபோல, மோட்டார் அழுதால் சக்கரத்துக்குப் பரபரக்கும். பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தான், பம்பைக் கழற்றினான், சுழலும் தண்டில் இரண்டு சொட்டு விட்டான், துணியால் துடைத்து மாட்டினான். சத்தம் நின்றது. கையைத் தட்டிக்கொண்டு படுக்கப் போனான். தண்ணீருக்குள் ஓடுகிற பம்புக்குத் தண்ணீரே எண்ணெய் என்பது மீன் வளர்க்கிற பொடிப்பயல்களுக்கும் தெரியும். மோட்டார்களோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை காலையில் தண்ணீரின் மேல் வானவில் போல ஒரு படலம் பரவியிருந்தது. மொட்டை வயிறு மேலாகப் பம்புக் குழாயின் வாயில் கிடந்தது.

வேறு வாரமாக இருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பான். இந்த வாரம் அப்படி இல்லை. திங்கள்கிழமைதான் மகளின் அம்மா ஃபோன் செய்திருந்தாள்.

"ஸ்கூல்ல நீச்சல் டீம்ல எடுத்திருக்காங்க. பயிற்சி சனிக்கிழமை. உங்க வீட்டுக்கு வர்றதா, நீச்சலுக்குப் போறதான்னு அவளே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த வாரம் வந்து அவளே சொல்லுவா."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. பதிமூணு வயசாச்சு, அவளுக்கே தெரியும்."

ஒரு பக்கம் நீச்சல் குளம், இன்னொரு பக்கம் அப்பன். அப்பன் பக்கத்துத் தட்டில் எடை ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று சக்கரம் இரண்டு நாளாகக் கணக்குப் பார்த்திருந்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி, ஒரு மொட்டை. இப்போது மொட்டையும் இல்லை. மீனைக் காகிதத்தில் சுற்றிக் கீழே செடித்தொட்டியில் புதைத்தபோது அவனுக்கு மகளையே பாதி இழந்துவிட்டதுபோல இருந்தது. மேலே வந்ததும் முடிவு செய்துவிட்டான். சனிக்கிழமைக்குள் இன்னொரு கல்லொட்டி. அதே அளவு, அதே நிறம், அதே வழுக்கை. அவளுக்குத் தெரியவே கூடாது.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல மீன் கடைக்கு ஓடினான். கடைக்காரர் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"ஒட்டிக்கிற மீன்தானே? டேங்க் கிளீனர்னு சொல்லுங்க." புள்ளி புள்ளியாக, முள் கவசம் போட்ட கருப்பு மீன் ஒன்றைக் காட்டினார். "எங்கேருந்தோ கப்பல் ஏறி வந்த சாதி. அழுக்கத் தின்னுக்கும், சோறுகூட போட வேணாம்."

"இது இல்லைங்க. நம்ம ஆத்துல இருக்கிறது. கல்லொட்டி."

"அத யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க? ஆத்துல சும்மா கெடக்குது."

"சும்மா கெடக்குறதத்தான் கேக்குறேன்."

"அதான் கடைல இல்ல." கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்து இரங்கினார். "பொண்ணுக்கா? ரெண்டு தங்கமீன் எடுத்துட்டுப் போங்க, பளபளன்னு இருக்கும். பசங்க ரெண்டே நாள்ல பழச மறந்துடும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். பிள்ளைகள் பழசை மறந்துவிடும் என்பதுதானே சக்கரத்தின் பயமே.

வியாழக்கிழமை ஒரு துணிக்கடையின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரிய மனிதர் மாட்டிக்கொண்டு, தான் யார் என்பதைக் கதவுக்குள்ளிருந்தே விளக்கிக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் சக்கரமும் அவனுடைய கூட்டாளி தாடியும் பிரேக்கைத் தளர்த்திப் பெட்டியைக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். தாடி அவனைவிட மூத்தவன், நிதானக்காரன், ஸ்பேனரைக்கூட யோசித்துத்தான் எடுப்பான்.

"என்னடா, முகம் எழவு விழுந்த மாதிரி இருக்கு?"

"மீன் செத்துப்போச்சு."

"மீனுக்கா இந்த முகம்? நான் செத்தா இதுல பாதியாவது வைப்பியா?"

"நீ செத்தா, உன்ன மாதிரி இன்னொண்ணு தேடி ஆத்துல எறங்க வேண்டியதில்ல."

தாடி சிரித்தான். அப்புறம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். எண்ணெய் கதை வந்ததும் கொஞ்ச நேரம் அவனால் சக்கரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பேசாம பாப்பாகிட்ட உண்மையச் சொல்லிடு. என்ன ஆயிடும்? அழும்."

"அழுதாப் பரவாயில்ல. 'மீனே இல்லயே, இனி எதுக்கு வரணும்'னு நெனச்சுட்டா?"

பெட்டி மூன்றாம் மாடியில் வந்து நின்றது, கீழே கதவு திறக்கும் சத்தமும் பெரிய மனிதர் தன் உரையின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் சத்தமும் கேட்டன. "நாளைக்கு நீ வர வேணாம், உன் ஃபோனை என்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றான் தாடி. "எவன் எங்க மாட்டினாலும் நான் பாத்துக்கறேன். நீ போய் மீனப் புடி."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சக்கரம் ஆற்றில் இருந்தான். கையில் வலை, ஒரு வாளி, தண்ணீர் கொண்டுவரப் பெரிய கேன்கள், பேட்டரியில் காற்று விடும் சின்ன மோட்டார். பாலத்துக்கு அடியில் பழைய இடமே இல்லை. கரையைச் சிமெண்ட் பூசி மேடாக்கியிருந்தார்கள், தண்ணீர் தேநீர்போலக் கலங்கி அசையாமல் கிடந்தது. கல்லே இல்லாத இடத்தில் கல்லொட்டி எதை ஒட்டும்? மேல்நோக்கி நடந்தான். குழாய்த் தொழிற்சாலையின் பின்சுவரைத் தாண்டி, முள்வேலியில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, தண்ணீர் கற்களின் மேல் சலசலக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

அங்கே இருந்தன. குனிந்து பார்த்தால் கல்லின் முதுகில் நிழல்போலத் தெரிந்தன. காலை வைத்தால் இல்லை. ஒரு கல்லைப் புரட்டினான், அடுத்த கல்லுக்கு ஓடிவிட்டது. அடுத்த கல்லுக்குப் போனான், அங்கேயும் இல்லை. கழுவுற மீனில் நழுவுற மீன் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். அந்த நழுவல் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டான். வலையை இங்கே போட்டு அங்கே ஓடி, அங்கே போட்டு இங்கே ஓடி, ஆற்றையே உழுதுவிட்டான். கலங்கின தண்ணீரும் கிழிந்த சட்டையும்தான் மிச்சம். மதியத்துக்குள் அவனுக்கு மீனின் மேலும் ஆற்றின் மேலும் நீச்சலைக் கண்டுபிடித்தவன் மேலும் ஒரே மாதிரி ஆத்திரம் வந்துவிட்டது.

அப்புறம் கால் மாட்டிக்கொண்டது. இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் வரை இறங்கிய கால், மேலே வர மறுத்தது. இழுத்தான், திருகினான், வாயில் வந்ததைச் சொன்னான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இருபது வருஷமாக அவன் சொல்லிவந்த வாசகம் ஒன்று உண்டு: பதறாதீங்க, ஆடாம நில்லுங்க, வந்துடும். இப்போது அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லாததால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நின்றான். ஃபோன் இல்லை. பேச ஆள் இல்லை. திருப்ப ஸ்க்ரூகூட இல்லை.

நின்றவனுக்கு மகளின் நினைவு வந்தது. நாளைக்கு என்ன பேசுவாள் என்று யோசிக்க, போன வாரம் என்ன பேசினாள் என்று நினைத்துப் பார்த்தான். போன வாரம் பம்பின் வடிகட்டிப் பஞ்சை மாற்றியது நினைவிருந்தது. ஒரு கல்லை இடப்பக்கம் நகர்த்தியது நினைவிருந்தது. மொட்டை இரண்டு புழு அதிகம் தின்றதும் நினைவிருந்தது. மகள் பின்னாலிருந்து ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவே சிரித்தாள். என்ன சொன்னாள் என்று மட்டும் எவ்வளவு தோண்டியும் வரவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெயிலில் தனியாக நின்றுகொண்டு ஒரு மனிதன் அப்படி வெட்கப்படுவதை அந்த ஆறு பார்த்திருக்காது.

தண்ணீர் தெளிந்தது. மாட்டாமல் வெளியே ஆடாமல் நின்ற மறு காலையும் ஒரு கல் என்றே நினைத்ததோ என்னவோ, ஒரு கல்லொட்டி வந்து அவன் கணுக்காலில் வாயை வைத்தது. ஈரமான கட்டைவிரலால் அமுக்கினதுபோல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலையை மெல்ல இறக்கினான். விரல் நீளம், மண் நிறம், வழுக்கைத் தலை. அதன் பிறகு மாட்டிய காலை உருவியெடுக்கத் தோல் கொஞ்சம் போனது. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க வீடு ரணகளமானது. தொட்டியைக் காலி செய்து வெந்நீரால் கழுவினான், கற்களைக் கொதிக்க வைத்தான், எண்ணெய் பட்ட பம்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினான், ஆற்றுத் தண்ணீரை ஊற்றினான். புது மீன் உள்ளே இறங்கியதும் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்கு மொட்டையேதான். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது என்று சக்கரம் தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். பையைக் கட்டிலில் போட்டாள், தொட்டியைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கவனித்தது அந்தப் பார்வையை மட்டும்தான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டவன், அவளை மறுபடி பார்க்க விடக்கூடாதென்று தொட்டிக்கு முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டான். குழாயைச் சரிசெய்தான். கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தான்.

"அம்மா சொன்னாங்களா?" என்றாள் பின்னாலிருந்து.

"சொன்னாங்க. நீச்சல். நல்ல விஷயம்தான்." கையில் துணி நிற்கவில்லை. "தண்ணி இப்ப நல்லா ஓடுது பாரு. புது பம்பு. மொட்டைக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அடுத்த வாரம் இன்னும் பெரிய கல்லா ஒண்ணு..."

"இனிமே வர வேணாம்னுதான்பா நெனச்சேன்."

துணி நின்றது. எந்த வாக்கியத்துக்குப் பயந்து மூன்று நாள் ஓடினானோ, அது அவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்துவிட்டது.

"ஏம்மா?" என்று தொட்டியைப் பார்த்தபடியே கேட்டான். "அப்பா ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்ல. இங்க வந்தா நான் உன் முதுகத்தான் பாக்குறேன். நீ மீனப் பாக்குற, நான் உன் முதுகப் பாக்குறேன். அதுக்கு எதுக்குப்பா பஸ் ஏறி வரணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். சக்கரம் துணியை வைத்துவிட்டுத் திரும்பினான். உட்கார இன்னொரு நாற்காலி இல்லை. கட்டிலின் ஓரத்தில், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். சட்டைப்பையில், நேற்று இரவே தாடியிடமிருந்து திரும்ப வாங்கிய ஃபோன் அடித்தது. தாடிதான், எங்கோ ஒரு லிஃப்ட். அவனுடைய கால் தானாக எழுந்துவிட்டது. அவள் அந்தக் காலைத்தான் பார்த்தாள். அவன் ஃபோனை எடுத்து, "தாடி, இன்னிக்கும் நீயே போயிடு" என்று மட்டும் சொல்லி வைத்தான். இரண்டு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தான். முதுகு வரை தொங்கிய முடி காதோடு நின்றிருந்தது. கழுத்து நீளமாக, புது ஆள்போல இருந்தாள்.

"முடி வெட்டிட்டியா?"

"ம்."

"எப்போ?"

"போன வாரத்துக்கு முன்னாடி. போன சனிக்கிழமையும் இப்படித்தான்பா வந்தேன்."

அவள் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, பழகிவிட்டிருந்தாள். அதுதான் அவனை அறுத்தது. அவள் தொட்டியின் பக்கம் தாடையைக் காட்டினாள்.

"மொட்டை எப்ப செத்துச்சு?"

திருட்டு முழி முழித்தான். இனி மறைப்பதற்கு அவனிடம் தெம்பு இல்லை. "எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மொட்டை குழாய்க்கு நேரா நிக்கும். தண்ணி வேகமா வர்ற எடத்துல. இது மூலையில பயந்து ஒட்டிக்கிட்டிருக்கு. உள்ள வந்ததுமே தெரிஞ்சுது."

"புதன்கிழமை செத்துச்சு. நான்தான் எண்ணெய் விட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"மீன் இல்லன்னா நீ வர மாட்டியோன்னு நெனச்சேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லூசாப்பா நீ?" என்றாள். "செத்துடுச்சுன்னு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நான் புதன்கிழமையே வந்திருப்பேன்."